பேட்டரி மேல் போட்ட பழி

திருச்செங்கோட்டில் கார் ஓட்டும் பெண்களில் பலர் ராசாத்தியிடம் ஓட்டப் பழகியவர்கள். சின்னுசாமி நடத்திய டிரைவிங் ஸ்கூலில் அவள் ஒருத்திதான் பெண் பயிற்சியாளர். அவளுக்காகத்தான் பெண்கள் அங்கே வந்து சேர்கிறார்கள் என்பது சின்னுசாமிக்கும் தெரியும். ஆனால் அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு லைசென்ஸ் டெஸ்ட் அன்று ஆர்டிஓ மைதானத்தில் ஸ்கூல் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த ஸ்கூல் வண்டியைக் கூப்பிட்டார். ராசாத்தி கூட்டி வந்த பெண்கள் டெஸ்ட் கொடுக்க முடியாமல் வெயிலில் நின்றார்கள். தகவல் தெரிந்து சின்னுசாமி பைக்கில் வந்து இறங்கினார். என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை.

"பொம்பளை கையில வண்டியக் குடுத்தா இப்படித்தானுங்க," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "லைட்ட அணைக்காம எறங்கியிருப்பா."

மற்ற ஸ்கூல்காரர்கள் சிரித்தார்கள். பழக வந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்படி ராசாத்தியிடம் சொன்னார் சின்னுசாமி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொன்னார். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்தாள் ராசாத்தி. லைட்டை அவள் போடவே இல்லை.

மறுநாள் சமியுல்லாவின் கடைக்குப் போனாள். ஊரில் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர். முந்தின நாள் அந்த வண்டியைக் கிளப்பி விட்டவரும் அவர்தான். கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனரை மாட்டியபோது பி0516 என்று ஒரு எரர் கோடு, அதாவது கோளாறு எண், வந்ததாகச் சொன்னார். பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. பேட்டரியின் சூட்டைப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அதன் ஒயர் தோல் உரிந்து பாடியில் படுகிறது. அதனால் பேட்டரி கொதிக்கிறது என்று தவறான தகவல் போகிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிச் சார்ஜைக் குறைத்துவிடுகிறது. நாளெல்லாம் நின்று நின்று கிளம்புகிற பழக்கு வண்டிக்கு அந்தச் சார்ஜ் எப்படிப் போதும்?

"இந்தக் கோடு வந்தா பேட்டரி போச்சுன்னு அர்த்தமில்லக்கா," என்றார். "பேட்டரியப் பத்திச் சொல்றது பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."

சின்னுசாமியிடம் இதைச் சொன்னதற்கு, புது பேட்டரியைப் போட்டு அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிடு, எனக்குப் பாடம் எடுக்காதே என்றாராம். அவர் மறுபடி வந்து கேட்டால் சொல்வீர்களா என்று ராசாத்தி கேட்டாள். கேட்டால் சொல்வேன், தானாகப் போய்ச் சொல்ல மாட்டேன் என்றார் சமியுல்லா. அவர் கேட்க மாட்டார் என்பது ராசாத்திக்குத் தெரியும். அந்த வண்டி இனியும் நிற்கும், நிற்கட்டும் என்று நினைத்தபோதுதான் முந்தின நாளிலிருந்து இறங்காத சோறு அவளுக்கு இறங்கியது.

பழைய கார் ஒன்றைப் பிடித்து, பயிற்சியாளர் பக்கமும் பிரேக், கிளட்ச் வைத்து, சின்னுசாமியின் ஸ்கூல் இருக்கும் அதே சங்ககிரி ரோட்டில் சொந்தமாக ஸ்கூல் ஆரம்பித்தாள். ஒருநாள் மதியம் சின்னுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளுவதை எதிர் டீக்கடையிலிருந்து பார்த்தாள். இன்னொரு டீ சொன்னாள். அந்த வண்டி கல்யாணக் கூட்டத்தில் நிற்க வேண்டும், மழையில் நிற்க வேண்டும், அவர் சொந்தக்காரர்கள் பார்க்க நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

சின்னுசாமியிடம் அவள் பார்த்த வேலைக்கு அகல்யா என்ற பெண் வந்திருந்தாள். குமாரபாளையத்துத் தறிக்காரக் குடும்பம், இங்கே வாக்கப்பட்டவள். ஒரு சாயங்காலம் கண் வீங்க பஸ் ஸ்டாப்பில் நின்றவளை ராசாத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டாள். கார் நடுரோட்டில் நின்றுவிட்டதாம். பழகுகிறவர்கள் முன்னால், பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்றாராம் சின்னுசாமி. இன்னொரு தடவை நின்றால் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். ஸ்பீடோமீட்டர் பக்கம் கோளாறைக் காட்டும் மஞ்சள் லைட் ஒன்று எரிந்துகொண்டே இருக்கும், அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறார் என்றாள் அகல்யா.

ராசாத்தி வண்டியை ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

"தெரிஞ்சும் சொல்லலீங்களா அக்கா?"

"இல்ல சாமி. அந்தாளு நாசமாப் போகட்டும்னு இருந்துட்டேன்."

தன் மௌனம் இந்தப் பெண்ணின் தலையில் விடிந்துவிட்டதே என்று ராசாத்திக்கு உறுத்தியது. அது சின்னுசாமி மேலிருந்த கோபத்தைத் தணிக்கவில்லை. இனி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தால் போதாது என்று மட்டும் முடிவு செய்தாள்.

அடுத்த டெஸ்டுக்குச் சின்னுசாமியும் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அந்தக் காரின் அருகே வந்ததும் ராசாத்தி போய், ஒரு நிமிஷம் பாருங்க சார் என்றாள். அகல்யா டேப்பைப் பிய்த்தாள். மஞ்சள் லைட் எரிந்தது. ராசாத்தி தான் வாங்கி வந்த ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டி, போனில் வந்த கோளாறு எண்ணை இன்ஸ்பெக்டருக்குக் காட்டினாள். அது என்ன கோளாறு, ஏன் வண்டி நிற்கிறது என்று மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

"எம் வண்டியில கைய வெக்க நீ யாரு?" என்றார் சின்னுசாமி.

"இந்த வண்டி நின்னதுக்கு யாரு மேல பழி போட்டீங்களோ, அவதானுங்க."

லைட் மேல் ஏன் டேப் ஒட்டினீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பழகறவங்க பயந்துக்குவாங்க என்றார் சின்னுசாமி. யாரோ சிரித்தார்கள். சரிசெய்யும்வரை இந்த வண்டியில் டெஸ்ட் கிடையாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். வந்திருந்த பெண்கள் ராசாத்தியின் காரைப் பார்த்தார்கள். அவள் கதவைத் திறந்துவிட்டாள். அவர்கள் எல்லோரும் அதில்தான் டெஸ்ட் கொடுத்தார்கள்.

அந்த வாரமே சின்னுசாமி சமியுல்லாவிடம் வண்டியைக் கொடுத்து ஒயரை மாற்றிக்கொண்டார். அதன்பின் கார் எங்கேயும் நிற்கவில்லை. அவர் வண்டியை நாமே சரிசெய்து கொடுத்துவிட்டோமே என்று ராசாத்திக்கு ஆத்திரமாக வந்தது. அகல்யா அவளிடமே வேலைக்குச் சேர்ந்தாள்.

சின்னுசாமி ஒருமுறை ராசாத்தியின் ஸ்கூலுக்கு வந்தார். ஒரே தொழிலில் இருக்கிறோம், பழசை விட்டுவிடலாமுங்க என்றார். வாயில் மரியாதை வந்திருந்ததை ராசாத்தி கவனித்தாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னது தப்புன்னு மைதானத்துல வந்து சொல்லுங்க," என்றாள். "விட்டுர்றேன்."

அவர் எழுந்து போய்விட்டார். இப்போது டெஸ்டுக்கு வேறு ஆளை அனுப்புகிறார், தான் வருவதில்லை. அந்த ஆள் வண்டியை நிறுத்தி இறங்கியதும் ராசாத்தி பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "முதலாளி வரலீங்களா?" என்று கேட்கிறாள். ஒரு டெஸ்ட் நாளும் கேட்காமல் விட்டதில்லை.