அரைபிரேக் வாங்கிய கேம் பெட்டி

டிப்போவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரைபிரேக் என்றால்தான் தெரியும். மலைப்பாதையில் பஸ் ஓட்டினார். முழு பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. நிறுத்தம் கண்ணில் படுவதற்கு முன்பே காலைத் தளர்த்திக் கியரைக் குறைத்துவிடுவார். பிறகு பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். அவர் பஸ்ஸில் தூங்கிப்போனவர்கள் இறங்குகிற இடம் வந்தது தெரியாமல் தூங்குவார்கள். கண்டக்டர்தான் தோளைத் தட்டி எழுப்ப வேண்டும். "ஓட்டுறியா, தாலாட்டுறியா?" என்று சலித்துக்கொள்வார் கண்டக்டர்.

ஒரு நாள் காலையில், வண்டியை எடுக்கும் முன், டிப்போ கேன்டீனில் டீ கிளாசோடு நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். கையும் காலும் வெட்டி இழுத்தன. மெக்கானிக் ஒருவர் ஓடிவந்து தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்தார். "நல்லவேளை, வண்டில இருக்கும்போது வரல" என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் பல நாள் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் பெரிய வளைவு ஒன்று வரும், பின்னால் பஸ் நிறைய ஆட்கள் இருப்பார்கள், ஸ்டீயரிங்கில் கை இருக்காது.

மாத்திரையில் வலிப்பு அடங்கியது. நரம்பு டாக்டர் அம்மா நல்ல மாதிரி. பொய் சொல்லத் தெரியாதவர்.

"மாத்திரையை விடாம போட்டா நல்லா இருப்பீங்க. பஸ் ஓட்டுறதை மட்டும் விட்டுடணும்."

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நாள் கணக்கு இல்லைங்க. இனிமே வேண்டாம்."

டிப்போவில் அவரை டயர் பிரிவுக்கு மாற்றினார்கள். காற்று பார்ப்பது, தேய்ந்ததைக் கழற்றுவது, ஆணி குத்தியிருந்தால் பிடுங்குவது. கௌரவமான வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலைக்குப் போகிற பஸ் கேட்டைத் தாண்டும்போது இன்ஜின் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறுகிற சத்தம் டயர் கொட்டகை வரைக்கும் வரும். அப்போது அவர் இடது கால் தன்னால் ஒருமுறை தரையை அமுக்கும். கிளட்ச் மிதிக்கிற கால். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

வீட்டில் அவரும் மனைவியும்தான். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, இதற்கு வட்டமா சதுரமா என்று ஃபிரேம் எடுத்துக் கொடுப்பார். டூட்டி முடிந்து வந்து அத்தனை ஊர்க்கதையும் பேசுகிற மனுஷன் இப்படி வாயடைத்துப் போனது மனைவியை வாட்டியது. "டயர் என்ன சொல்லுச்சு இன்னைக்கு?" என்று கேட்டுப் பார்த்தார். "காத்து போச்சுன்னு சொல்லுச்சு" என்பார் அரைபிரேக். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு விடுமுறை நாளில் இஸ்திரிப் பெட்டி பழுது என்று அதைத் தூக்கிக்கொண்டு எலக்ட்ரிக் கடைக்குப் போனார். உள்ளே பெரிய டி.வி. ஒன்றில் மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் ஒரு லாரி மலை ஏறிக்கொண்டிருந்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றவர் நின்றபடியே இருந்தார்.

"அது வீடியோ கேம். ஸ்டீயரிங்கோட வருது. பேரப்பிள்ளைக்குப் பாக்குறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பேரனெல்லாம் இன்னும் வரல. எனக்குத்தான்."

அவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்ததைப் பார்த்து மனைவி வாசலிலேயே மறித்தார்.

"இஸ்திரிப் பெட்டி எங்க?"

"சரிபண்ணக் குடுத்திருக்கேன்."

"அப்போ இது?"

"இதுவும் பெட்டிதான்."

மனைவிக்குச் சின்ன எழுத்தையும் விடாமல் படிக்கிற குணம். உள்ளே இருந்த தாளை எடுத்துப் படித்தவர், முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். வலிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விளையாடக் கூடாது என்று போட்டிருந்தது. சத்தமே இல்லாமல் எல்லாவற்றையும் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார். அரைபிரேக் ஸ்டீயரிங்கை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொடுக்கவும் மனசில்லை, பிடித்துக்கொள்ளவும் தைரியமில்லை.

மறுநாளே அந்தத் தாளோடு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பழைய சோதனை ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "இவருக்கு வெளிச்சம் பட்டு வர்ற வகை இல்ல. விளையாடட்டும். ஆனா ரூம்ல லைட் எரியணும், டி.வி.யை விட்டுத் தள்ளி உக்காரணும், தூக்கத்தைக் கெடுத்துக்கக் கூடாது. ஏதாவது மாதிரி இருந்தா உடனே நிறுத்தணும். பக்கத்துல யாராவது இருந்தா நல்லது."

"நான் இருக்கேன்" என்றார் மனைவி.

அப்படித்தான் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அவர் பக்கத்தில் மனைவி உட்கார ஆரம்பித்தது. முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. அரைபிரேக் தன் வழக்கப்படி பிரேக்கைத் தொட்டார். லாரி நிற்காமல் நேரே போய்ப் பள்ளத்தில் இறங்கியது. மறுபடி எடுத்தார். மறுபடி பள்ளம்.

"இத்தனை வருஷமும் இப்படித்தான் ஓட்டினீங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் மனைவி.

"சும்மா இரு. கால்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

ஆனாலும் விடவில்லை. கொஞ்ச நாளில் லாரி அவர் சொன்னபடி கேட்டது. டிப்போவில் மெக்கானிக் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கேம் பெட்டி எப்படி? என் பசங்க உயிரை எடுக்குறாங்க, வாங்கலாமா?"

அரைபிரேக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பல மாதத்துக்குப் பிறகு அவர் நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"மழையை நல்லா பண்ணியிருக்கான்யா. ஈர ரோட்டுல எதிர் வண்டி லைட் நீளமா கோடு விழுமே, அது அப்படியே இருக்கு. பக்கக் கண்ணாடி மோசமில்ல. ஹார்ன் கேக்கவே சகிக்கல, கன்னுக்குட்டி கத்துற மாதிரி. கியர் மாறும், ஆனா முரண்டு பிடிக்காது. நம்ம வண்டி ரெண்டாவது கியருக்கு என்ன பாடுபடுத்தும்! இதுல வெண்ணெய் மாதிரி போகுது, நம்பவே முடியல. எல்லாத்தையும் விடு. பிரேக்கைத் தொட்டா பின்னால இருந்து ஒரு கனம் வந்து முதுகுல சாயும் பாரு, இத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு. அது இல்ல. வண்டி காலியா இருக்கு. எவ்வளவு ஏத்தினாலும் காலியா இருக்கு."

"அப்போ வாங்க வேண்டாங்கிறீங்களா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? வாங்கிக் குடு. பசங்களுக்கு என்ன தெரியும், சந்தோஷமா இருப்பாங்க."

பிறகு பஸ் ஓட்டுகிற கேம் ஒன்று இருப்பது தெரிந்து அதையும் வாங்கிப் போட்டார். நிறுத்தத்தில் நிறுத்தினால் கதவு திறந்தது, ஆட்கள் ஏறினார்கள். சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. ஏறுகிற எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே நடை.

"யாரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. சில்லறைக்குச் சண்டை போடல. கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கன்னு ஒருத்தர் கேக்கல" என்று அலுத்துக்கொண்டார்.

மனைவி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "அண்ணே, அந்த மரத்தடில கொஞ்சம் நிறுத்துங்க. மூட்டை இருக்கு."

அரைபிரேக் திரும்பிப் பார்த்தார். "கட்டின பொண்டாட்டி அண்ணேங்கிற?"

"பஸ்ல ஏறிட்டா டிரைவர் எல்லாருக்கும் அண்ணன்தான். நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?"

சிரித்துக்கொண்டே மரத்தடியில் நிறுத்தினார். அன்றிலிருந்து அது வழக்கமானது. மனைவி ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணியாக ஏறுவார். இன்னொரு நாள் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டு டிரைவரைத் திட்டுகிறவராக இருப்பார். அவரும் சளைக்காமல் பதில் சொல்வார். அப்படி ஒரு சாயங்காலம், வளைவுகள் நிறைந்த ஒரு சாலை திரையில் ஓடியபோது மனைவி பேச்சை நிறுத்திவிட்டார். திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. தாடை இறுகவில்லை, தளர்ந்திருந்தது. கண் ரொம்ப தூரத்தில் எங்கோ இருந்தது. ஆனாலும் பக்கத்தில் இருப்பது ஒன்றும் அதிலிருந்து தப்பவில்லை.

நாள் முழுக்க முகங்களையே பார்க்கிற அந்த அம்மாள் இந்த முகத்தைப் பார்த்ததில்லை. காரணம் இருந்தது. பஸ் என்றாலே அவருக்குக் குமட்டும். கல்யாணமான புதிதில் ஆசையாக ஒருமுறை புருஷன் பஸ்ஸில் ஏறினார். மலை ஏறி முடிப்பதற்குள் பாதி வழியில் வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஜன்னலோரம் தலையைத் தொங்கப்போட்டிருந்தவருக்கு டிரைவர் சீட்டு எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை. வெட்கத்தில் அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

"இந்த முகத்தை எனக்குக் காட்டவே இல்லையே நீங்க" என்றார்.

"எந்த முகம்?"

"இப்போ வச்சிருக்கீங்களே, அது. யார் யாரோ தினமும் பாத்திருக்காங்க."

"டிரைவர் முகத்தை யாரு பாக்குறா? பின்னால இருக்கிறவங்களுக்கு முதுகு. எதிர்ல வர்ற வண்டிக்காரன் பாப்பான், அவனும் திட்டிட்டுப் போயிடுவான்."

மனைவி சிரிக்கவில்லை. "உங்க ரோட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அவர் பிடி கொடுக்கவில்லை. அந்தப் பாதையில் பயணியாகப் போக அவருக்கு மனசு வரவில்லை. உனக்கு வாந்தி வரும் என்றார், வெயில் என்றார், பிறகு மழை என்றார். மனைவி கடையில் லீவு சொல்லிவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

அன்றைக்கு மலை பஸ்ஸில் டிரைவர் புதியவர். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அரைபிரேக்கின் முகம் கண்ணாடியில் தெரிந்ததும் பதறித் திரும்பினார். "அண்ணே, நீங்க பின்னாடி இருந்தா எனக்குக் கை உதறும்."

"நீ ஓட்டுப்பா. நான் தூங்கப்போறேன்" என்றார் அரைபிரேக்.

எங்கே தூங்குவது? முதல் வளைவிலேயே மனைவிக்கு முகம் வெளுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். அரைபிரேக்குக்கு ஒன்று தோன்றியது. வண்டி ஓட்டுகிறவனுக்குக் குமட்டுவதில்லை. அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அவன் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். மனைவியின் காதோரம் குனிந்து சொல்ல ஆரம்பித்தார்.

"இப்போ இடது. பெரிய வளைவு. என் பக்கம் சாஞ்சுக்கோ. இப்போ வேகம் குறையும்."

வேகம் குறையவில்லை. புது டிரைவர் வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக்கை அமுக்கினார். மனைவி முன்னால் போய் இடித்துக்கொண்டார். அடுத்த வளைவிலும் அதேதான். அரைபிரேக் சொன்னதெல்லாம் தான் ஓட்டியிருந்தால் நடந்திருக்கக்கூடியது. இந்த பஸ் வேறு ஒருவர் கையில் இருந்தது. அரைபிரேக் வெளியே பார்த்தார். பிறகு இன்ஜினுக்குக் காது கொடுத்தார். இந்தப் பையன் எங்கே கியர் மாற்றுகிறான், எங்கே பயப்படுகிறான், எங்கே துணிகிறான் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"இப்போ வலது. பிரேக் கொஞ்சம் லேட்டா போடுவான், கம்பியைப் பிடிச்சுக்கோ... ம், போட்டான். இனி நேர் ரோடு. மூச்சு விடு."

மனைவி மூச்சு விட்டார். மேலே போய்ச் சேரும்வரை வாந்தி வரவில்லை.

மலை உச்சியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவு கல்சுவர் ஒன்று. டீ வாங்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தார்கள். கீழே பார்த்தால் வந்த ரோடு முழுக்கத் தெரிந்தது. மரங்களுக்குள் மறைவதும் வெளியே வருவதுமாக அது இறங்கிப் போனது. அரைபிரேக் டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ட்ரிப்" என்றார். "ஆள்கூட வேண்டாம். காலி வண்டியை இறக்கிக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்."

"ம்."

"குடுக்க மாட்டாங்க. குடுத்தாலும் நான் எடுக்கக் கூடாது. தெரியும். இருந்தாலும்..."

அவர் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்ததால் மனைவி அதை வாங்கி வைத்துவிட்டுத் தன்னுடையதைக் கொடுத்தார். புது டிரைவர் தூரத்தில் நின்றுகொண்டு, வரலாமா என்று பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு வந்துவிட்டார்.

"அண்ணே, எப்படி ஓட்டினேன்?"

அரைபிரேக்குக்குச் சொல்ல நிறைய இருந்தது. மனைவிதான் பதில் சொன்னார். "நல்லாத்தான் ஓட்டினீங்க தம்பி. எனக்கு வாந்தியே வரல."

டிரைவர் சிரித்துக்கொண்டே போய் ஹார்ன் அடித்தார். இறங்குகிற பஸ்ஸில் கூட்டம். மனைவிக்கு முன்னால் ஒரு இடம் கிடைத்தது, அரைபிரேக்குக்குக் கடைசி வரிசைதான். பஸ்ஸின் கடைசி வரிசையில் அவர் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. முன்னால் தலைகள் தலைகளாகத் தெரிந்தன. வழுக்கை, கொண்டை, தொப்பி, தோளில் சாய்ந்து தூங்குகிற குழந்தை. வளைவு வந்தபோது அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தன. அதற்கு நடுவில் எங்கேயோ மனைவியின் தலையும் சாய்ந்து நிமிர்ந்தது. வளைவு வருவதைச் சொல்ல அவர் வாய் திறந்தது. அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது என்று மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் அவர் டயர் கொட்டகைக்குப் போனார், மனைவி கண்ணாடிக் கடைக்குப் போனார். சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டு, "அப்பா இன்னும் அந்த கேமை விளையாடுறாரா?" என்று கேட்டாள்.

"விளையாடுறார்" என்றார் மனைவி. "நானும் ஏறி உக்காந்துக்கறேன்."