எட்னாவில் மச்சாள் அள்ளிய சாம்பல்

நானும் அண்ணனின் மனைவியான என் மச்சாளும் சிசிலித் தீவின் எட்னா எரிமலைக்குப் போய்வந்த கதை இலண்டனில் இப்போது பல வடிவங்களில் உலவுகிறது. பார்க்கிங் என்ற நகர்ப்பகுதியில் ஒரு திருமண மண்டபத்தில், அறிமுகமற்ற ஒருவர் என்னிடமே அதைச் சொன்னார்: மச்சாள் மலைமுன் நின்று கணவனைப் பெயர்சொல்லி அழைத்தாராம்; மலை குமுறி விடை தந்ததாம். மலை குமுறவில்லை. அண்ணனின் பெயரை மச்சாள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதுமில்லை. எரிமலையைச் சுற்றிக் கதைகள் முளைப்பது இயல்பு. ஆனால் இக்கதையில் அகப்பட்டிருப்பவர் என் அண்ணன். ஆகவே நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதி, மச்சாளிடம் படித்துக்காட்டி, அவர் மறுத்தவற்றை நீக்கியிருக்கிறேன்.

அண்ணன் எட்னாவின் அடிவாரத்து ஊரொன்றில், உணவகத்தில் வேலைசெய்தார். மச்சாள் முன்னதாகவே இலண்டனுக்கு வந்து, குரோய்டனில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தார். கடைசியாகத் தொலைபேசியில் அண்ணன் சொன்னது இவ்வளவே: "மலை பொங்குது. ஊரெல்லாம் கறுத்த சாம்பல். விடிய எழும்பினால் கூட்டிறதுதான் வேலை." அதன்பின் செய்தி இல்லை. வேலையை விட்டுப் போய்விட்டார் என்று உணவகத்தார் சொன்னார்கள். எங்கே என்று எவரும் அறியவில்லை. ஆண்டுகள் கழிந்தன. மச்சாளின் நெற்றியில் குங்குமம் இருந்தது.

விம்பிள்டனில் எங்கள் குடும்பத்துக்குக் கிரியை செய்யும் ஐயர், உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரித்து, கருமத்தை முடிக்கலாம் என்றார். மனைவி சம்மதிக்க வேண்டும்.

"அவர் கடைசியாக் கதைச்ச இடத்தை ஒருக்கால் பாத்திட்டு வந்து சொல்லுறன், ஐயா," என்றார் மச்சாள்.

மலையில் கம்பிவட ஊர்தி இறக்கிவிட்ட இடத்திலிருந்து கருஞ்சாம்பலில் நடந்தோம். ஒவ்வோர் அடியும் பாதி பின்னால் சறுக்கியது. நான் மூச்சிளைத்து நின்றபோது மச்சாள் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டேஷன் படியிலையே மூச்சு வாங்கிற ஆள் நீர். இஞ்சை விழுந்தீரெண்டால் உமக்கும் சேத்துத்தான் ஐயரிட்டைச் சொல்லோணும்."

வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பெண் ஆங்கிலத்தில் கதைகள் சொன்னார், நான் தமிழாக்கினேன். மலைக்கடியில் ஓர் அரக்கன் புதைந்து கிடக்கிறான். அவன் புரண்டு படுத்தால் நிலம் நடுங்கும். பண்டைக்காலத்து ஞானி ஒருவர், தம்மை மக்கள் தெய்வமென்று நம்பவேண்டும் என்று எரிவாயில் குதித்தார். மலை அவருடைய செருப்பை வெளியே எறிந்துவிட்டது.

"செருப்பு மட்டுமோ வந்தது?" என்று மச்சாள் கேட்டார்.

"ஓம் மச்சாள். கதையிலை அப்பிடித்தான்."

"குடுத்துவைச்ச மனிசி."

"ஆர்?"

"அவரின்ரை பெண்சாதி. ஒரு செருப்பாவது கிடைச்சுதே."

என்ன சொல்கிறார் என்று வழிகாட்டி வினவினார். நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு மச்சாள் குனிந்து, மூன்று விரல்களால் சாம்பலை எடுத்தார். "இதைத்தானே அவர் கூட்டினவர்," என்றபடி, திருநீறு பூசுவதுபோல் நெற்றியில் இழுத்தார். அது நீறன்று, பொடித்த கண்ணாடி போன்ற கல். தோலைக் கீறிற்று, ஒட்டாமல் உதிர்ந்தது. கண்ணில் பட்டால் ஆபத்து என்று பதறிய வழிகாட்டி தண்ணீர்ப் போத்தலுடன் ஓடிவந்து நெற்றியைக் கழுவிவிட்டார். மச்சாள் கைக்குட்டையால் துடைத்து, அதை விரித்துப் பார்த்தார். கருமையோடு குங்குமத்தின் சிவப்பும் வந்திருந்தது. முழுவதும் வந்துவிட்டது.

நெடுநேரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிவாயிலிருந்து மெல்லிய வெண்புகை எழுந்து சாய்ந்தது, ஓசை ஏதுமில்லை.

"தம்பி, காத்துக்கு மறைச்சுக்கொண்டு நில்லும்," என்றார்.

நான் மேலங்கியை விரித்து நின்றேன். கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தார். பொட்டு சற்றுக் கோணலாக விழுந்தது.

"ஐயருக்கு என்ன சொல்ல, மச்சாள்?"

"தர்ப்பை வேண்டாமெண்டு சொல்லும்."

கருமம் இன்றுவரை நடக்கவில்லை. ஐயரும் மறுபடி கேட்கவில்லை.

அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்பது எங்களுக்குத் தெரியாது. அவ்வூரைவிட்டு எத்திசையில் போனார் என்பதும், இலண்டனுக்கு வரத்தான் புறப்பட்டாரா என்பதும் தெரியாது.