பூஞ்சை பிடித்த லென்ஸோடு வாடிப்பட்டி வரை

திருச்சியில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் போன டிசம்பரில் ஒரு லென்ஸ் வாங்கினேன். பிலிம் ரோல் காலத்துச் சரக்கு. 58 எம்எம், முழுக்க உலோகம், கையில் எடுத்தால் எடைக்கல் மாதிரி கனக்கும். விலை 2,800 ரூபாய். அதை என் டிஜிட்டல் கேமராவில் பொருத்த ஓர் அடாப்டர் வளையம், 950 ரூபாய். கடைக்காரர் லென்ஸை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். உள்கண்ணாடியில் லேசாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. "துடைச்சுத் தரட்டுமா, ஒரு வாரம் ஆகும்" என்றார். கேமராவில் மாட்டிக் கடை வாசலைப் பார்த்தேன். வெயிலில் நின்ற ஸ்கூட்டர் பாலில் நனைத்து எடுத்ததுபோல் மினுங்கியது. துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்துபவள். வாரம் முழுக்க எல்லாவற்றையும் துல்லியமாக அளந்து சலித்துப் போனவளுக்கு அந்த மூட்டம் பிடித்திருந்ததில் ஆச்சரியமில்லை. இதைப் பனிக்குள் கொண்டுபோனால் எப்படியிருக்கும் என்ற யோசனையில்தான் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதுரைக்குக் கிளம்பினேன். மாலை 4.10க்கு பஸ், ஏழு மணி வாக்கில் மாட்டுத்தாவணி. தங்கியது கோச்சடையில், மேலக்கால் ரோட்டை ஒட்டிய சின்ன விடுதி. நாளைக்கு 900 ரூபாய், வெந்நீர் உண்டு. நகரத்தின் மேற்கு ஓரம் என்பதால் வயல்வெளிக்குப் போக இதைவிட வசதியான இடம் கிடையாது.

விடுதி முனையில் நின்ற ஆட்டோக்காரர்தான் சோணைமுத்து அண்ணன். நாற்பத்தெட்டு வயது. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருப்பார். பேச்சு குறைவு, அவசரம் அதைவிடக் குறைவு. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் வண்டியில் திருப்பரங்குன்றம் போனேன். ஒன்பது கிலோமீட்டர், காத்திருப்பும் சேர்த்துப் போக வர 500 ரூபாய்.

பழைய லென்ஸில் தானாக போகஸ் ஆகாது. வளையத்தை விரலால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் எல்லாம் கரைந்து கிடக்கும். மெதுவாகத் திருகத் திருக ஒரு பூக்கூடையின் விளிம்பு மேலே வரும், பிறகு பூக்காரம்மாவின் விரல்கள், பிறகு அவர் கண். இன்னும் கொஞ்சம் திருகினால் அவர் போய்ப் பின்னால் இருக்கும் குன்று வந்து நிற்கும். ஆறரை மணிப் பனியில் அந்தப் பாறை கல்லாகவே தெரியவில்லை. யாரோ ஊதிவிட்ட மூச்சு அங்கேயே நின்றுவிட்டது போல இருந்தது. இரண்டு மணி நேரத்தில் நாற்பது படம்தான் எடுத்திருப்பேன். எனக்கு அது மிகக் குறைவு.

திரும்பும்போது அண்ணன் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டினார். "வெயிலு எதுக்க அடிக்குதும்மா, கொஞ்சம் நின்னு போவோம்" என்றார். எனக்கும் சௌகரியம்தான், நின்ற இடத்திலெல்லாம் படம் எடுத்தேன். ஒரு முக்கில், "அந்தா நிக்கிற பஸ்ஸு எந்த ஊருன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை 5.50க்குக் கிளம்பினோம். மேலக்கால், சோழவந்தான் வழியாக வாடிப்பட்டி, சுமார் 27 கிலோமீட்டர், பேசிய தொகை 900. இந்தப் பாதையைத்தான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். ஒரு பக்கம் வைகை கூடவே வரும், தண்ணீராக இல்லாவிட்டாலும் நாணலாக, மணலாக. மறுபக்கம் வயல். அன்றைக்குப் பனி தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மட்டும் நின்றது. தென்னைகளுக்கு அடி இல்லை, அந்தரத்தில் நின்றன. ஒரு கொக்குக் கூட்டம் வெள்ளைக்குள்ளிருந்து எழும்பி வெள்ளைக்குள்ளேயே இறங்கியது. நான் பின்சீட்டில் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. விழித்திருக்கிறேனா என்பதே சந்தேகமாக இருந்தது.

சோழவந்தான் தாண்டி ஒரு கிலோமீட்டர் இருக்கும். வண்டி திடீரென்று குலுங்கி நின்றது. என் நெற்றி முன்கம்பியில் இடித்தது. எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணு தெரியலையாய்யா?" என்றார்.

"பனிண்ணே" என்றார் சோணைமுத்து அண்ணன்.

சைக்கிள்காரர் வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்விட்டார். அப்போதுதான் கேமராவைக் கீழே இறக்கினேன். பனி அங்கே இல்லை. எப்போதோ விலகிவிட்டிருந்தது. என் லென்ஸுக்குள் மட்டும்தான் இருந்தது.

வாடிப்பட்டிக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் தனியாக நடத்துகிறார். டீ 12 ரூபாய். அடுப்புக்குப் பின்னாலிருந்து வந்த ஆவியைப் படமெடுத்தேன். "எங்க, காட்டுங்க" என்று அவர் கேட்க, கேமராவையே கையில் கொடுத்து ரோட்டைப் பார்க்கச் சொன்னேன்.

"என்னங்க, புகை மண்டிக் கெடக்கு. கண்ணாடியத் தொடைங்க முதல்ல" என்றார்.

சிரித்துக்கொண்டே கேமராவை அண்ணனிடம் நீட்டினேன். அவரும் பார்த்தார். தூரத்தில் ஒரு லாரி முன்விளக்கை அணைக்காமல் வந்துகொண்டிருந்தது. இந்த லென்ஸில் விளக்குகளைச் சுற்றி வானவில் போலப் பெரிய வளையம் விழும். அதற்காகவே பலர் இந்த லென்ஸைத் தேடி வாங்குகிறார்கள். அவர் கேமராவை இறக்கி வெறும் கண்ணால் லாரியைப் பார்த்தார். மறுபடி கேமராவில் பார்த்தார்.

"புகை எங்க இருக்கு? நேர்ல எப்படி இருக்கோ அப்படித்தான இருக்கு" என்றார்.

"அந்த லைட்டச் சுத்தி வளையம் தெரியுதாண்ணே?"

"எல்லா லைட்டுக்கும் வளையம் இருக்கத்தானம்மா செய்யும்."

டீக்கடை அக்கா கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பையிலிருந்து என் புது லென்ஸை எடுத்து மாற்றினேன். "இப்பப் பாருங்க" என்றேன். எனக்கு அதில் எதிர்ச் சுவரின் செங்கல் கீறல்வரை தெரிந்தது.

அண்ணன் நெடுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். அதைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

நான் சுற்றி வளைக்கத் தெரியாதவள். "அண்ணே, ஒங்க கண்ணுல ஏதோ இருக்கு. டாக்டர்கிட்டக் காட்டணும். இப்ப இந்த வண்டிய ஓட்ட வேண்டாம்" என்றேன்.

அவர் முகம் இறுகியது. "இருபத்திரெண்டு வருசமா ஓட்டுறேன். ஒரு கீறல் கெடையாது. பயமா இருந்தா பஸ்ஸுல போங்க. நான் பைய வாரேன்."

பஸ் நிறுத்தம் எதிரிலேயே இருந்தது. போயிருக்கலாம். உண்மையைச் சொன்னால் போய்விடத்தான் தோன்றியது. இரண்டு நாள் பழக்கத்தில் ஒரு மனிதரின் பிழைப்பில் கைவைக்க நான் யார்? சாவியை எடுத்துக்கொண்டு அவர் வண்டிப் பக்கம் நடந்தார். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த, 'பள்ளிப் பிள்ளைகள்' என்று எழுதிய மஞ்சள் தாள் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"ஸ்கூல் ட்ரிப் எடுக்குறீங்களா?"

"ஆமா."

"எத்தனை பிள்ளைங்க?"

"ஏழு பேரு."

"நாளைக்குத் திங்கக்கிழமை அண்ணே."

அவர் திரும்பவில்லை. ஹேண்டில்பாரில் கையை வைத்தபடி நின்றார். டீக்கடை அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தார். "அண்ணே, அந்தக் கடை போர்டுல என்ன எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பெரிய சிவப்பு எழுத்து, உரக்கடை.

அவர் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு வந்து பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"ரெண்டு வருசமா இப்படித்தேன். மொதல்ல பனின்னு நெனச்சேன். பங்குனிலயும் இருந்துச்சு, சரி, வெயிலுன்னு நெனச்சேன். ராத்திரி சவாரிய விட்டுட்டேன். பிள்ளைகள ஏத்துனா மட்டும் இருபதுலதான் போவேன்." தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தச் சைக்கிள்காரரு எனக்குத் தெரியவே இல்லம்மா, ஏதோ நெழலாட்டம் ஆடவும் பிரேக்கப் போட்டேன். நீங்க இடிச்சுக்கிட்ட சத்தத்துலதான் எம்புட்டுக் கிட்டக்க வந்துட்டேன்னு தெரிஞ்சுச்சு" என்றார்.

வண்டியை டீக்கடை ஓரத்திலேயே நிறுத்தினார். சாயங்காலம் அவர் மச்சினன் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. 9.40க்கு மதுரை பஸ் வந்தது. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஆரப்பாளையம் வரும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். இறங்கும்போது, "காலைல லட்சுமியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்களும் வாரீகளா? நடந்ததச் சொல்றதுக்கு எனக்கு வாய் வராது" என்றார்.

திங்கட்கிழமை விடுப்பு போட்டேன். கண் ஆஸ்பத்திரி வாசலில் ஏழு மணிக்கே வரிசை. அவர் மனைவி லட்சுமி மெலிந்த பெண்மணி; என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. "ஏழு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாரு. நாலு வீட்டுல அப்பவே வேற ஆட்டோ பாத்துட்டாங்க" என்றார். நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவராகவே, "சாப்புடும்போது தட்ட விட்டு வெளிய குழம்ப ஊத்துவாரு. குடிச்சுட்டாரோன்னு எத்தன நாளு சண்ட போட்டிருக்கேன்" என்று சொல்லி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டு கண்ணிலும் புரை. இந்த வயதில் இவ்வளவு முற்றியதற்குச் சர்க்கரையும் காரணம், அது இருப்பதே அவருக்குத் தெரியாது என்றார் டாக்டர். சர்க்கரையைக் குறைத்துவிட்டு ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன், பார்வை நன்றாகவே திரும்பும் என்றார். பிற்பகல் பஸ்ஸில் நான் திருச்சி திரும்பினேன். பஸ்ஸில் படங்களைப் புரட்டினேன். அடியில்லாத தென்னைகள், கொக்குகள், எல்லாம் நான் ஆசைப்பட்டதைவிட அழகாகவே வந்திருந்தன. எனக்கு அந்த மூட்டம் பிடிக்கிறது, வேண்டாமென்றால் திருகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள முடிவதால். இரண்டு வருடமாக அதைக் கழற்றத் தெரியாமல் ஒருவர் ஏழு பிள்ளைகளோடு அதற்குள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதன்பிறகு சில வாரம் அந்த லென்ஸை நான் தொடவில்லை. இப்போது மறுபடி பயன்படுத்துகிறேன். அதன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அது இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது, அவருக்கும் தெரிந்திருக்காது.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை போன் வந்தது. முதல் கண் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள்.

"தங்கச்சி, நான் சோணைமுத்து பேசுறேன்." அதுவரை மேடமும் அம்மாவுமாக இருந்தவள் அன்றைக்குத் தங்கச்சியானேன். "லட்சுமிக்குத் தலையில இம்புட்டு நரை விழுந்திருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டா, அது வந்து மூணு வருசமாச்சுங்குறா." பின்னால் அவர் மனைவி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

இந்த லென்ஸ்களோடு கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற மாதிரி ஓர் அமைப்பு இருக்கும். அதைப் போடாவிட்டால் பழைய லென்ஸை மாட்டியதும் கேமரா படமே எடுக்காது. நான் வாங்கிய முதல் நாள் பாதி அதில் போயிற்று. திரையைப் பெரிதாக்கி போகஸ் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள், கூடவே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். மேலக்கால் பாதைக்கு ஜனவரிதான் காலம், 6.20லிருந்து 7.45க்குள். அதற்குமேல் வெளிச்சம் தட்டையாகிவிடும். வண்டி ஓடும்போது கேமராவைக் கண்ணிலேயே வைத்திருக்க வேண்டாம். ரோட்டையும் பாருங்கள்.

இரண்டாவது கண்ணும் முடிந்து, டாக்டர் சம்மதித்து, சோணைமுத்து அண்ணன் ஜூன் மாதத்திலிருந்து மறுபடி ஓட்டுகிறார். கோச்சடையில் மேலக்கால் ரோட்டு முனையில் கேட்டால் காட்டுவார்கள். எட்டிலிருந்து ஒன்பதரை வரை மட்டும் கூப்பிடாதீர்கள், வர மாட்டார். ஐந்து பிள்ளைகள் திரும்ப வந்துவிட்டார்கள்.