இரண்டு ஒன்பதுகள்

மகளைப் பார்க்க ரொறன்ரோவுக்கு வந்து இருபத்துமூன்று நாள். இன்று வெக்ஸ்போர்ட் மைதானத்தில் நிற்கிறேன். நகரின் இந்த ஸ்காபரோப் பகுதியை விடச் சிறிய ஒரு கரீபியன் தீவின் பதினேழு வயதுக்குட்பட்ட தேசிய அணி, உள்ளூர் அணியோடு விளையாடப் போகிறது. அவர்களுடைய பெட்டிகள் விமானம் மாறி எங்கோ போய்விட்டன. இங்குள்ள நம் தமிழ் விளையாட்டுக் கழகம்தான் தன் பழைய மஞ்சள் ஜேர்சிகளை இரவல் கொடுத்திருக்கிறது.

வரிசையில் நிற்கும் பிள்ளைகளை எண்ணுகிறேன். பதினொரு பேர், சரி. ஆனால் இரண்டு முதுகில் ஒன்பது. ஊரில் விளையாட்டு ஆசிரியராக இருந்த பழக்கதோஷத்தில் அதை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிடுகிறேன். நடுவர் காதில் விழுகிறது. ஒரே எண்ணில் இருவர் ஆட முடியாது, பத்துப் பேரோடு ஆடுங்கள் என்கிறார். இரண்டாவது ஒன்பதுக்காரன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

கழகத்துச் சிவம் என்மேல் பாய்கிறார்.

"அங்கிள், உங்களை ஆர் இப்ப எண்ணச் சொன்னது?"

"கண்ணிலை பட்டால் சொல்லாமல் இருக்கேலுமோ, தம்பி?"

"இனி வாயைத் திறக்காதேங்கோ. எட்டு ஒருத்தரிட்டையும் இல்லை, உந்த ஒன்பதை நான் எட்டாக்கிறன்."

காரிலிருந்து ஒட்டுகிற கறுப்பு ரேப் சுருளைக் கொண்டுவந்து, ஒரு துண்டு கிழித்து, அந்தப் பையனின் ஒன்பதின் திறந்த பக்கத்தை அடைக்கிறார். நடுவர் அரைமனதோடு தலையசைக்கிறார்.

இரண்டாம் பாதியில் அந்தப் பையனே கோல் போடுகிறான். துள்ளிக் குதித்ததில் ரேப் கழன்று புல்லில் விழுகிறது. கோலைக் குறிக்க நடுவர் கொப்பியோடு வருகிறார். பையனின் முதுகில் மறுபடியும் ஒன்பது. கோல் இல்லை என்றுவிடுவாரோ?

அவர் குனிந்து ரேப்பை எடுக்கிறார். பையனின் முதுகில் வைத்து உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்துகிறார். பிறகுதான் எழுதுகிறார்.