நீலப் பிக்கப்பைக் காப்பாற்றிய ராகு

சித்தப்பாவின் பிக்கப்பை விற்பதென்று பெரியவர்கள் கூடித் தீர்மானித்தபோது எனக்கு ஒன்பது வயது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் நான் விடமாட்டேன் என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டார்கள் போலும்.

அது அப்பாவைவிட வயதில் மூத்த வண்டி. அமெரிக்காவில் செய்தது. இளநீலம், முன்னுக்கு ஒரே நீளச் சீற், பின்னுக்குச் சாமான் ஏற்றத் திறந்த பெட்டி. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் மாடாக உழைத்துச் சித்தப்பா அதை வாங்கினார். பனிக்காலத்தில் உப்புப் போட்ட ரோட்டில் அதை இறக்கவே மாட்டார். தான் பஸ்ஸில் குளிரக் குளிரப் போவார். அது எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக் கராஜில் போர்வைக்குள் சுகமாக இருக்கும். துரு என்ற சொல்லை அதன் காதுபடச் சொல்லக்கூடாது என்பார். கோடை வந்தால் அவரும் நானும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போவோம். சிக்னலில் நிற்கிற வெள்ளைக்காரக் கிழவர்கள் எங்களைப் பார்த்துப் பெருவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். எனக்குத் தலைகால் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் அதைக் கண்ணில் காட்டக்கூடாது. கராஜில் ஒரு அரிசி மூட்டை வைக்க இடமில்லை என்று நாள் தவறாமல் புறுபுறுப்பார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவுக்குக் கல்யாணம் பேசி முற்றாகியது. பொம்பிளைக்குப் பிக்கரிங் ஊர். புது வீடு, புதுக் கார், எல்லாம் புதுசு. மாப்பிள்ளை பழைய பிக்கப்பில் போய் இறங்கினால் நாலு சனம் என்ன கதைக்கும் என்பது அப்பாவின் கவலை.

"லொறிக்காரன் எண்டெல்லோ சொல்லுவினம்" என்றார்.

சித்தப்பா அண்ணன் சொல்லுக்கு மறுத்துப் பேசிப் பழகாதவர். "ஓம் அண்ணை" என்றுவிட்டுக் கராஜுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுநாள் வண்டிக் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒரு மட்டை நின்றது. நான் அழுத அழுகையில், பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை, நான் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து வந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு எழும்பிய நேரம், ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், அடியில் படுத்தும் பார்த்தார். பிறகு, இதற்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து, பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, பென்னாம்பெரிய சில்லுகள் பூட்டப் போவதாகச் சந்தோஷமாகச் சொன்னார். சித்தப்பாவின் முகம் செத்துப் போயிற்று. ஆனால், தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்றே. வண்டித் திறப்பை எடுத்து நீட்டப் போனார்.

அம்மா கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, பொறுங்கோ! இப்ப ராகுகாலம். திறப்பைக் கைமாத்தக் கூடாது!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு வெள்ளைக்காரரிடம் திரும்பி, எங்கள் சமயத்தில் இது கெட்ட நேரம், முடியும்வரை உள்ளே வந்து இருங்கள் என்று ஆங்கிலத்தில் மிகவும் பணிவாகச் சொன்னார். சித்தப்பா திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

வந்தவரை அம்மா லேசில் விட்டாரா? முதலில் ரோல்ஸ் வந்தது. பிறகு வடை. பிறகு இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும். உறைப்பில் அந்த மனிதரின் மூக்கு சிவந்து கண்ணீர் வடிந்தது. ஆனாலும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டிக்கொண்டே இருந்தார். இடையில் அம்மா போனையும் கொண்டு, அரிசி எடுக்கவென்று கீழே பேஸ்மென்ருக்குப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தார். நான் சாமிப் படங்களுக்கு முன்னால் நின்று, ராகுவே, போய்விடாதே, இன்னும் கொஞ்சம் நில் என்று கும்பிட்டேன்.

ராகு நின்றார். வாசலில் ஒரு கார் வந்து பிரேக் போட்டது. இறங்கியது யார்? சித்தியாக வரப்போகிறவர்! கல்யாணத்துக்கு முன்னால் பொம்பிளை தனியே மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதா என்று அப்பா திகைத்து எழும்பிவிட்டார். சித்தி அவரைப் பார்க்கவேயில்லை. நேரே பிக்கப்பிடம் போய் அதன் கதவைத் தடவினார். பிறகு, பின்னால் ஓடிவந்த சித்தப்பாவை ஒரு பிடி பிடித்தார்.

"இதை விக்கச் சொல்லி ஆர் சொன்னது? நான் சொன்னனானோ? என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

என்னைப் போலவே அவரையும் கேட்காமல் விட்டிருக்கிறார்கள்!

"கலியாணத்தண்டு நான் இதிலைதான் கோயிலுக்கு வந்து இறங்குவன். சீரியஸ்லி!"

சித்தப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திறப்பை எடுத்துச் சித்தியின் கையில் வைத்தார். ராகுகாலத்தில் திறப்புக் கைமாறுகிறதே என்று ஒருவரும் பதறவில்லை. பாஷை தெரியாவிட்டாலும் வெள்ளைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பொம்பிளையோடு வாதாட எனக்கென்ன பைத்தியமா என்று சொல்லிவிட்டு, அம்மா கட்டிக் கொடுத்த ரோல்ஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்கும் மனைவியோடு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். நான் பிக்கப்பின் நீளச் சீற்றில், சித்தப்பாவுக்கும் சித்திக்கும் நடுவில், சித்தியின் பட்டுச் சேலை கன்னத்தில் உரசக் கோயிலுக்குப் போய் இறங்கினேன்.

அன்றுமுதல் நான் ராகுவின் பக்தை. கோயிலில் எல்லோரும் நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நான் ராகுவுக்கு முன்னால் மட்டும் தனியே நின்று நன்றி சொல்லிவிட்டு வருவேன். அது பல வருடம் நடந்தது. நான் என்னுடைய முதல் காரை எடுத்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம் பூசைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது, ராகுகாலம் முடிந்துவிட்டதா என்று ஐயரிடம் கேட்டேன்.

"சனியிலை அது காலமையோடை முடிஞ்சிடுமெல்லோ, பிள்ளை" என்றார். எல்லாச் சனிக்கிழமையும் மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிடுமாம்.

அப்பா தலைமயிர் வெட்டப் போவதற்கும் ராகுகாலம் பார்க்கிறவர். சித்தப்பாவுக்கு ஏழு நாளின் ராகுகாலமும் மனப்பாடம். அன்று எங்கள் வீட்டில் விஷயம் தெரியாமல் இருந்தவர்கள் இரண்டே பேர்: அந்த வெள்ளைக்காரரும் நானும்.