கேமரா போடாத மாணவி

போன வருஷம் புரட்டாசி மாதம், சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வயலில் வைத்து எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

ஓய்வுக்குப் பிறகு தஞ்சாவூரில் வீட்டோடு உட்கார்ந்திருக்க முடியவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாத ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்குப் போனில் வீடியோ வகுப்பு நடத்தி எழுதப் படிக்கச் சொல்லித்தரலாம் என்று ஆரம்பித்தேன். மாதம் ஐம்பது ரூபாய். இலவசம் என்றால் நம் ஜனங்களுக்கு அருமை தெரியாது என்பது என் எண்ணம். காலை பதினோரு மணி எல்லோரும் சமையல் முடித்து ஓய்வாக இருக்கும் நேரம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யார் வீட்டுச் சமையலை நினைத்து அப்படி முடிவு செய்தேனோ!

ஒன்பது பேர் சேர்ந்தார்கள். எட்டுப் பேர் முகம் தெரியும். ஒன்பதாவது ஓர் அம்மா. மகள்தான் போன் செய்து சேர்த்துவிட்டிருந்தாள். அவர் மட்டும் எப்போதும் கறுப்புக் கட்டமாகவே இருப்பார். "கேமராவைப் போடுங்கம்மா" என்றாலும் பதில் வராது, கேள்வி கேட்டாலும் வராது. எப்போதாவது தவறி மைக் திறந்துகொள்ளும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்கும். வகுப்பை ஓடவிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறார் போலிருக்கிறது என்று மனதுக்குள் ஒரு மார்க் குறைத்துக்கொள்வேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

மூன்றாவது வாரம் ஒரு நாள், வகுப்பில் இருந்த காவலாளி ஐயா முதன்முறையாக ஒரு முழு வரியை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். அறுபத்து நாலு வயது அவருக்கு. வேர்த்து விறுவிறுத்துப் பாதி வரியில் திணறி நின்றபோது, அந்தக் கறுப்புக் கட்டத்திலிருந்து குபீரென்று சிரிப்பு. ஒருவர் சிரிப்பு இல்லை, ஒரு கும்பலே சிரித்தது. ஐயாவின் முகம் சுருங்கிப்போனது. மேற்கொண்டு வாசிக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்! அந்த நிமிடமே அந்த அம்மாவைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள்தான் நான். விசாரிக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். குரலை அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"டீச்சர், கோச்சுக்காதீங்க. சின்ன மகளுக்கு இன்னும் பதினஞ்சு நாள்ல கல்யாணம். கோயில் நோட்டுல சாட்சிக் கையெழுத்து நான்தான் போடுவேன்னு ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். பேருல பாதிதான் வருது. பாதியில விட்டுடாதீங்க."

மூத்த மகள் கல்யாணத்தில் அதே மாதா கோயிலில், அதே நோட்டில் அவர் கைரேகை வைத்தாராம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தி அம்மா மட்டும் விரலைத் துடைத்துக்கொள்ள ஒரு துணி கொடுத்தார்களாம். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தத் துணியை ஒன்பது வருஷமாக மறக்க முடியவில்லை என்றார்.

"அப்ப எதுக்கும்மா அப்படிச் சிரிச்சீங்க?" என்றேன். "போன்ல சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு நடை வந்து பாருங்க டீச்சர்" என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவசர நடவு, மதியம் ஆள் இறங்குகிறது என்றார். பஸ் ஏறினேன்.

வயலில் பதினோரு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல்தான் இருக்கும். அந்த அம்மா முழங்கால் சேற்றோடு கரையேறி வந்தார். வரப்பில் ஏறக் காலைத் தூக்கினேன். பதினோரு பேரும் ஒரே குரலில், "அதுல கால வைக்காதீங்க டீச்சர்!" என்றார்கள்.

குனிந்து பார்த்தேன். நடவுக்கு முன்னால் வரப்பைச் செதுக்கி, சேறு பூசி வழவழவென்று மெழுகிவிடுவார்கள் இல்லையா, அந்த ஈரச் சேற்றில் விரலால் எழுதிய எழுத்துகள். அ, ஆ, இ, ஈ. ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். வயல் நீளத்துக்குப் போகிறது. கோணல், மாணல், தலைகீழ், அடித்துத் திருத்தியது எல்லாம் இருந்தன. நான் மூன்று வாரம் நடத்திய பாடம் ஒன்று விடாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

வரப்பில் ஒரு குச்சியை நட்டு, பிளாஸ்டிக் உறையில் போனைத் தொங்கவிட்டு, சத்தமாக வைத்துவிடுவார்களாம். நட்டுக்கொண்டே கேட்பார்களாம். பின்பக்கமாக நகர்ந்து வந்து வரப்பைத் தொட்டதும், அன்றைய எழுத்தைத் திரையில் பார்த்து ஆளுக்கொரு தடவை சேற்றில் எழுதிவிட்டுத்தான் அடுத்த நடவுக்கு இறங்குவார்களாம். வயல் மாறினால் பழைய பாடத்தையும் முதலிலிருந்து எழுதிவிடுவார்களாம்.

"ஒரு ஆளுக்குத்தான் பணம் கட்டியிருக்கு. பதினோரு பேரு கேக்குறது தெரிஞ்சா நிறுத்திடுவீங்களோன்னுதான் மூடியே வச்சிருந்தோம். அன்னிக்கு இவ நாத்துக் கட்டோட வழுக்கிச் சேத்துல உக்காந்துட்டா. அதுக்குத்தான் சிரிச்சோம். அந்த நேரம் பாத்து கை பட்டு மைக்கு தொறந்துக்கிச்சு" என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினார் அந்த அம்மா.

எத்தனை சாக்பீஸ், எத்தனை கரும்பலகை பார்த்தவள் நான்! இப்படி ஒரு சிலேட்டைப் பார்த்ததில்லை. இவர்களையா நீக்கினேன் என்று நினைக்க நினைக்க அவமானமாகவும் இருந்தது. "மழை வந்தா அழிஞ்சிடுமே" என்று ஏதோ உளறினேன். "அழிஞ்சா இன்னொரு வயல் இருக்குல்ல" என்றார் ஒருவர்.

அந்த அம்மாவின் பெயரில் நான்கு எழுத்து. என் பாட வரிசைப்படி போனால் கடைசி இரண்டு எழுத்து வருவதற்குக் கல்யாணமே முடிந்து, பெண் மறுவீடும் வந்துவிட்டுப் போயிருப்பாள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் யாரையும் கேட்டதில்லை. அன்றைக்கு வரிசையை ஓரமாக வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, புடவையைச் சொருகிக்கொண்டு வாய்க்கால் ஓரம் குந்தினேன். அந்த இரண்டு எழுத்தையும் என் விரலால் சேற்றில் எழுதிக்காட்டினேன். அடுத்த வகுப்பில் பதினோரு முகமும் திரையில் தெரிந்தன. காவலாளி ஐயாவிடம் நடந்ததைச் சொல்லி, அந்த வரியை முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். வாசித்தார்.

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு. பூசை முடிந்து ஃபாதர் நோட்டை விரித்தார். ஃபாதருக்கு உதவியாக நின்ற கோயில்பிள்ளை, பழக்கதோஷத்தில் மைப்பெட்டியைத் திறந்து அந்த அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா அதைப் புறங்கையால் மெதுவாகத் தள்ளி வைத்தார். வலது கை விரலைப் பட்டுப்புடவை முந்தானையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். விரலில் சேறு ஏது? பழக்கம்தான். பிறகு பேனாவை எடுத்தார். நான்கு எழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. பின்வரிசையில் பத்துப் பெண்கள் உதட்டை அசைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சரியா இருக்கா டீச்சர்?" என்றார். தலையை ஆட்டினேன்.

இப்போதும் வகுப்பில் யாராவது கேமரா போடாமல் இருந்தால், அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு முதல் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிக்கிறேன். அதற்குப் பின்னால் எத்தனை பேர் சேற்றில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ, யார் கண்டது!