ரகுபதியின் சீசாத் தண்ணீர்

இல்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் தம்பியை, விஷம் ஊற்றி ஆற்று மீனைக் கொன்றவன் என்று சுந்தரவல்லி இன்றைக்கும் குழாயடியில் நின்று சொல்கிறாளாம். பல்லெல்லாம் விழுந்துவிட்டது, அந்தப் பேச்சு மட்டும் விழவில்லை. விஷம் வைக்கிறவன் பதினைந்து நாள் முன்னாலேயே வீடு வீடாகப் போய், மீன் சாகப் போகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சுவானா? அதற்கு அவள் பதில் சொல்லட்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாயால் சொல்கிறேன், சொன்னது சொன்னபடி எழுதப்படட்டும்.

ரகுபதி என் தம்பி. ஊரூர் குப்பத்தில் பிறந்து கடலுக்கு ஆகாதவன். பதினாலு வயதில் நைனா அவனைக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போனார். அலையைத் தாண்டியதும் வாந்தி. மறுநாளும் வாந்தி. மூன்றாம் நாள் மயங்கியே விழுந்துவிட்டான். தூக்கி வந்து மணலில் போட்டபோது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்குக் கரைக்காரன் என்று பேர். கல்யாணம் கேட்டுப் போன இடத்திலும் அந்தப் பேரே முன்னால் போய் நின்றது. பெண் அமையவில்லை. நைனா போனார், அம்மா போனாள், என் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோயிற்று. மிச்சம் நானும் என் மகள் சீதாவும் அவனும்.

நான் கூடை தூக்கி ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் மீன் விற்பேன். வாடிக்கை வீடு ஒன்றில் கல்லூரி ரசாயன வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டுக் கேட்டு, தொந்தரவு தாங்காமல்தான் அவர் தம்பிக்குக் கல்லூரியில் வேலை வாங்கிக் கொடுத்தார். சீசா கழுவுகிற வேலை. எட்டாவது படித்தவன், கழுவிக்கொண்டே காதால் பாடம் கேட்டான். ஏழெட்டு வருஷத்தில், பிள்ளைகள் தப்பாகச் செய்வதை வாத்தியாருக்கு முன்னால் இவனே கண்டுபிடித்து விடுவானாம்.

எழுபத்தைந்தாம் வருஷக் கோடை. அதற்கு முந்தைய வருஷம் மழை இல்லை. அடையாற்றில் தண்ணீர் ஓடவில்லை, நகரத்துச் சாக்கடை மட்டும் வந்து விழுந்தது. ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. அடைபட்ட தண்ணீர் பச்சைப் பசேலென்று நின்றது. தம்பி தினமும் விடிகிற நேரத்தில் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த சீசாவோடு ஆற்றங்கரைக்குப் போவான். சீசாவில் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடிப்பான். இரண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டு, மூடிக் குலுக்குவான். தண்ணீருக்குள் பழுப்பாகத் திரண்டு அடியில் இறங்கும்.

"இன்னாடா இது, சேறு மாதிரி?" என்று கேட்டேன்.

"பழுப்பா வந்தா தண்ணிக்குள்ள மூச்சு கீதுன்னு அர்த்தம்க்கா. பழுப்பு வெளுத்துக்கினே வந்தா மூச்சு கொறையுது. வெள்ளையா நின்னா மூச்சே இல்ல."

"மூச்சு கொறையறதுக்குத் தண்ணி இன்னா மனுசனா?"

அப்போது நான் சவுக்குக் கட்டை வைத்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். அதைக் காட்டினான். "நீ ஊதலன்னா எரியாது. நெருப்பு மூச்சு கேக்குது. இந்தச் சூடு எங்கிருந்து வந்துச்சு? சவுக்கு மரம் வெயில வாங்கி உள்ள வச்சிருந்தது. அதான் வெளிய வருது, புதுசா ஒண்ணும் பொறக்கல. ஆனா உலையத் தாண்டிக் காத்துல போன சூட்டத் திரும்ப வாரி அடுப்புல போட முடியாது. அழுவறதும் எரியறதுதான்க்கா. நெருப்பு இல்லாம மெதுவா எரியுது. அதுக்கும் மூச்சு வேணும்."

"அழுவறது எரியறதா! உன் வாத்தியாரு சொன்னாரா?"

"சிரி. பாசி பகல்ல மூச்சு உடும், பொழுது போனா அதுவே மூச்சு வாங்கும். அதனாலதான் விடியறப்போ தண்ணில ஒண்ணும் மிஞ்சல. இப்ப ஒரு மீனு செத்தா அழுவும். அழுவறது தண்ணில கீற மூச்சத் தின்னும். மூச்சு கொறஞ்சா இன்னொண்ணு சாவும். அதுவும் அழுவும். இப்டியே ஒண்ண ஒண்ணு தள்ளிக்கினு போவும். நடுவுல எங்கனா அறுத்தாதான் நிக்கும்."

"எங்கடா அறுப்ப?"

"முகத்துவாரத்துல. மணல வெட்டி உட்டா கடல் தண்ணி உள்ள வரும்."

குப்பத்து ஆட்கள் எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கினால் ஒரே நாள் வேலை. யாரும் இறங்கவில்லை. காரணம் சொல்கிறேன், இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாதம் கடலில் மீன் இல்லை. ஆற்றில் மட்டும் விடிகாலையில் மடவை மீன் கூட்டங்கூட்டமாக மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. வலையே வேண்டாம், பெண்கள் கூடையால் வாரினோம். நானும் வாரினேன். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று பொங்கல் வைத்தோம். விற்காத மீனையும் குடலையும் திரும்ப அந்த ஆற்றிலேயே கொட்டினோம்.

தம்பி பொங்கல் பானைக்கு எதிரிலேயே வந்து நின்றான். "மூச்சு முட்டித்தான் அதுங்க மேல வருது. அம்மன் குடுக்கல. கழிவக் கொட்டாதீங்க. மணல வெட்டுங்க."

குப்பத்துத் தலைவர் நாட்டார் ராஜரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "அலையத் தாண்டாத கரைக்காரரு மீனப் பத்திப் பேசறாரு, கேட்டுக்கங்கப்பா. வூட்டு வாசல்ல வந்து நிக்கிற மீன, மணல வெட்டிக் கடலுக்கு உடணுமாம்!"

ஒரு மதியம் தம்பி தனியாகவே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனான். இவன் வெட்ட வெட்ட இரண்டு பக்கத்து மணலும் சரிந்து மூடியது. ஆற்றுப் பாலத்து மேல் உட்கார்ந்து பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். "மாமா, கடலு வந்துடுச்சா?" என்று கூவினார்கள். கையில் கொப்புளத்தோடு வந்தவனுக்கு நான் சோறு பிசைந்து ஊட்டினேன்.

அடுத்த நாலாம் நாள் காலை சீசாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். உள்ளே தயிர் மாதிரி வெள்ளை. அவன் முகமும் அப்படித்தான் இருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஆறு முழுக்க மீன் மல்லாந்துவிட்டது. ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. நாற்றம் தாங்காமல் பிள்ளைகள் வாந்தி எடுத்தன. சுந்தரவல்லிதான் முதலில் கத்தினாள். "கரைக்காரன் சீசாவுல மருந்து ஊத்தறத என் கண்ணால பாத்தேன்!"

பஞ்சாயத்து அம்மன் கோயில் எதிரில் கூடியது. நாட்டார் கேட்டார்: "அந்த மருந்தக் குடிச்சா இன்னா ஆவும்?"

என் தம்பிக்குப் பொய் வராது. "தொண்ட வெந்துடும்."

"அப்ப விஷந்தான்."

"சொட்டு மருந்து சீசாவுக்குள்ள நிக்குது. அது எப்டி ஒரு ஆத்தக் கொல்லும்?"

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. பழி சுமந்தவன் சத்தியம் செல்லாது. அந்த வீட்டில் மூத்த பெண் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் வழக்கு அதோடு முடிந்தது. ஊர் நம்பும். தட்டை என் முன்னால் வைத்தார்கள். "உன் தம்பி மருந்து ஒரு சொட்டும் ஆத்துல விழலன்னு சொல்லி அணை, சொர்ணம்."

கையைத் தூக்கினேன். ஒரே ஒரு நாள் அவன் அவசரத்தில் ஆற்றில் சீசா கழுவியதை நான் பார்த்திருந்தேன். என் புருஷனைக் கொண்டுபோன கடல் எதிரில், அம்மன் எதிரில், என் கை இறங்கவில்லை.

"விழுந்துச்சு. ஒருவாட்டி சீசா கழுவுனான். உள்ளங்கை அளவுகூட..." என்றேன்.

மிச்சத்தை யார் கேட்டார்கள்? கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது.

தம்பி எல்லார் காலிலும் விழுந்து, என்னால்தான் மீன் செத்தது என்று சொல்லி, சீசாவை உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனோடு யாரும் பேசக் கூடாது. இதுதான் தீர்ப்பு. பேசுகிற வீட்டில் பெண் எடுக்கவும் கூடாது. வருகிற ஆவணியில் சீதாவுக்குப் பரிசம் போட இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவன் காலைப் பிடித்தேன். "விழுந்துடுடா. ஒரு நிமிசம்."

"நான் விழுந்தா, அடுத்த கோடைல மணல் மூடும்போது ஒருத்தனும் வெட்ட மாட்டான்க்கா. கரைக்காரன் ஊத்துனதுதானேம்பான். திரும்ப சாவும்."

"நான் பொய் சொல்லியிருக்கணும்டா."

"நீ பொய் சொல்லல. அவங்க எவ்ளோன்னு கேக்கல. நான் அந்த எவ்ளோவ மட்டுந்தான் பாத்துக்கினு இருந்தேன்." கோபமில்லாமல்தான் சொன்னான். கோபப்பட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் அவனோடு பேசவில்லை. ஊர் சொன்னது வாசலுக்கு வெளியே. நான் அதை வீட்டுக்குள்ளும் கடைப்பிடித்தேன். சுவருக்குக் காது உண்டென்று பயம், சீதாவை நினைத்துப் பயம். சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்துவேன். அவன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

நாலாம் நாள் காலை இரண்டு வேட்டியையும் ஒரு சட்டையையும் பையில் வைத்தான். நான் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். வெளியே ஆள் நடமாட்டம்.

"யக்கா, கொஞ்சம் தண்ணி குடு."

எழுந்து மொண்டேன். அவன் கை நீட்டினான். நான் கையில் கொடுக்காமல் டம்ளரை வாசற்படியில் வைத்தேன். எதற்கு அப்படி வைத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவன் குனிந்து எடுத்து, நின்றபடியே முழுக்கக் குடித்தான். டம்ளரைத் துடைத்து வைத்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று ஒரு நொடி நின்றான். நான் திரும்பி அடுப்பை ஊத ஆரம்பித்தேன். அவன் படியிறங்கிப் போனான்.